இரகசிய வாக்கும் ஒரு பொன்னாடையும்

மாலை கழுத்தில் விழுந்த பிறகுதான் சிஞ்ஞோரா என் பக்கம் குனிந்து கேட்டார்.

"பிலோ, எனக்கு எதுக்கு நன்றி சொல்லினம்?"

பலெர்மோவில் பின்னேரத் தமிழ்ப் பூசை முடிந்து நாங்கள் எல்லோரும் மாதா கோயில் முற்றத்தில் நின்றோம். ஒரு பக்கத்து மேசையில் ரோல்ஸும் பிளேன்ரித் தேத்தண்ணியும் ஆறிக்கொண்டிருந்தன. நடுவில் மரியநாயகம் அண்ணை மைக்கைப் பிடித்தபடி நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் பொன்னாடை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவருடைய தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் பிடித்து அனுப்பிய பொன்னாடை அது. சரிகைக் கரை, கடைத்தாள் கூட இன்னும் எடுக்கவில்லை.

சிஞ்ஞோரா காதெரினா, அதாவது காதெரினா அம்மா, சிசிலியின் சட்டசபை உறுப்பினர். என் தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்திலிருந்து காலை நேரங்களில் அவர் வீட்டில் உடுப்பை இஸ்திரி போட்டு மினுக்குகிறவள் நான். இந்த ஊரில் சட்டசபைக்காரரை ‘ஒனொரேவோலே’ என்று அழைக்க வேண்டும். நம்முடைய ‘மாண்புமிகு’ போல. முதல் நாள் நான் அப்படிக் கூப்பிட்டபோது அவர் உடுப்புக் கூடையைக் காட்டினார். "வீட்டுக்குள்ளை ஒனொரேவோலே இல்லை, ஊத்தை உடுப்பு மட்டும்தான் இருக்கு" என்றார்.

அவர் பேசியது இத்தாலியனில்தான். ஆனால் இத்தனை வருடம் கழித்து என் நினைவில் அவர் எங்கள் தமிழில்தான் கதைக்கிறார். அதை மாற்ற நான் முயலவில்லை.

அன்றைக்கு முற்றத்தில் என் வேலை மொழிபெயர்ப்பது. மரியநாயகம் அண்ணை தமிழில் சொல்வதை சிஞ்ஞோராவின் காதில் இத்தாலியனில் சொல்ல வேண்டும். சிஞ்ஞோரா சொல்வதை மைக்கில் தமிழில் சொல்ல வேண்டும். அதில் என்ன கஷ்டம் என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன்.

மண்டபம் ஒன்று வேண்டும்

எங்கள் ஆட்களுக்கு வெகு காலமாக ஒரே ஆசை. ஒரு மண்டபம். கலியாணம், முதல் நன்மை, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, செத்தவீட்டுக்குப் பிறகு கூடியிருந்து சாப்பிட ஓர் இடம். மற்றவர்களின் கூடத்தை வாடகைக்கு எடுத்து, கறி மணக்கிறது என்று பேச்சு வாங்கி அலுத்துப் போயிருந்தோம்.

அல்பெர்கேரியாவில், பல்லாரோ சந்தைக்குப் பின்னால், ஒரு பழைய அரசாங்கக் கட்டடம் இருக்கிறது. மேல் தட்டு பூட்டிக் கிடந்தது. கீழ்த் தட்டில் பெண்களுக்கான ஒரு கிளினிக். அந்தக் கட்டடத்தை எங்களுக்குத் தருவதற்குச் சட்டசபையில் ஒரு சட்டப் பிரிவு வாக்கெடுப்புக்கு வந்தது. மரியநாயகம் அண்ணை அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை செய்துகொண்டு, மிச்ச நேரமெல்லாம் அரசாங்கக் கந்தோர் வாசல்களில் நின்று அவர் அதை அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். அவர் குரல் கொஞ்சம் பெரிது, பிடிவாதம் அதைவிடப் பெரிது. ஆனால் அந்த மனிதன் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்க்கவில்லை.

வாக்கெடுப்பு இரகசியமாக நடந்தது. இங்கே அப்படி ஒரு வழக்கம் உண்டு. யார் எந்தப் பக்கம் போட்டார் என்று ஒருவருக்கும் தெரியாது. முடிவு மட்டும்தான் வெளியே வரும். மிகக் கொஞ்ச வித்தியாசத்தில் நாங்கள் தோற்றோம்.

யார் கவிழ்த்தது என்று கோயில் முற்றத்தில் ஒரு மாதம் ஆராய்ச்சி நடந்தது. எதிர்க்கட்சியில் ஒரு மெல்லிய மீசைக்காரர் மேல் எல்லோருக்கும் சந்தேகம். அவருடைய மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறது என்றார்கள். சிஞ்ஞோராவைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. அவர் எங்கள் ஆள். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட பஸ் வேண்டும் என்று கை உயர்த்தியவர். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோர் வாசலில் குழந்தைகளோடு நின்றவர்களுக்காகச் சபையில் சண்டை பிடித்தவர்.

அப்படி இருக்கும்போதுதான் அவர் ஒரு நாள் கோப்பியைக் குடித்துக்கொண்டே, "பிலோ, ஞாயிற்றுக்கிழமை உங்கட கோயிலுக்கு நான் வரலாமோ, உங்கட ஆக்களோடை கதைக்க வேணும்" என்றார். நான் போய் மரியநாயகம் அண்ணையிடம் சொன்னேன். என்ன கதைக்கப் போகிறார் என்று அவர் கேட்கவில்லை. தேர்தலுக்குச் சில கிழமைகள்தான் இருந்தன. தோற்றாலும் எங்களோடு நின்ற அம்மாவுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று அவரே முடிவெடுத்து, மாலைக்கும் பொன்னாடைக்கும் ஒழுங்கு செய்துவிட்டார். வருகிறவரை முதலில் பேச விட்டு, பிறகு மாலை போடுகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் எந்த ஊரில் இருந்திருக்கிறது?

மண்டரினும் மெழுகுதிரியும்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சிஞ்ஞோராவின் தேர்தல் கதை தெரியாமல் அந்த முற்றம் விளங்காது.

அவருடைய தகப்பன் சியாகுல்லியில் மண்டரின் தோட்டத்துக் கூலி. மற்ற ஊர்களில் மண்டரின் முடிந்த பிறகு பழுக்கிற வகை அங்கே. தோல் மெல்லியது, கொட்டை குறைவு, சாறு தேன். முதல் தேர்தலில் நின்றபோது சிஞ்ஞோராவிடம் வேறொன்றும் இல்லை. ஒரு மூன்று சில்லு வண்டி நிறைய மண்டரினை ஏற்றிக்கொண்டு சந்துசந்தாகப் போய் வோட்டுக் கேட்டிருக்கிறார். சனம் மண்டரினைத் தின்றது, வோட்டை மற்றவருக்குப் போட்டது.

அடுத்த முறை அவர் ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரே ஒரு வாக்குறுதி. சபையில் நான் எதற்கு எப்படிக் கை உயர்த்தினேன் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் பல்லாரோ சந்தை மூலையில் உள்ள கோப்பிக் கடையில் இருந்து சொல்வேன், விருப்பமானவர்கள் வந்து ஏசலாம் என்றார். வென்றார். அதற்குப் பிறகு, ஒரு முறை தவிர, தவணைக்குத் தவணை வென்றார். சனிக்கிழமை மேசையும் நிற்கவில்லை.

நான் அந்த மேசையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வெள்ளைப் பிளாஸ்டிக் மேசை, ஒரு கால் ஆட்டம். அவர் ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு இருப்பார். இந்தக் கிழமை இதற்கு ஆதரவு, இதற்கு எதிர்ப்பு, இதில் நான் வாக்களிக்கவில்லை, ஏனென்றால் எனக்கு விளங்கவில்லை. அவ்வளவுதான். உறுப்பினர்களின் ஓய்வூதியத்தைக் கூட்டுகிற பிரேரணைக்கு எதிராகப் போட்டுவிட்டு வந்த சனிக்கிழமை எல்லோரும் கைதட்டினார்கள். அதற்கு அடுத்த மாதம், அம்புலன்ஸ் போகிற வழியில் கடை போடக்கூடாது என்ற சட்டத்துக்கு ஆதரவாகப் போட்டதைச் சொன்னார். அந்தக் கோடை முழுக்க மீன்காரன் அவருக்கு நேற்றைய மீனைத்தான் விற்றான். அவரும் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டே வாங்கினார். அந்த மீனை வெட்டிக் கழுவியவள் நான், மணம் இன்னும் மறக்கவில்லை.

ஒரு முறை, "போன மாதம் நான் போட்ட வோட்டு பிழை. வாசிக்காமல் போட்டிட்டன்" என்று சொல்லி அந்த மேசையில் அவர் தலை குனிந்ததையும் பார்த்தேன். அதை அவர் சொல்லியிருக்காவிட்டால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற அரசியல்வாதிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த மனுசிக்குக் கொஞ்சம் விசரோ என்றுதான் முதலில் பட்டது.

நாங்கள் பலெர்மோவுக்கு வந்த வருடம்தான் அவர் இடையில் ஒரு முறை தோற்றது. கட்சி சொன்னபடி போடாததால் கட்சி அவரைக் கைவிட்டிருந்தது. அந்தத் தேர்தல் நேரம் கோயில் வாசலில் யாரோ சின்னப் படங்கள் கொடுத்தார்கள். இங்கே வேட்பாளரின் படத்தைப் புனிதர் படம் அளவில்தான் அடிப்பார்கள். என் கணவர் ஜெறோமுக்கு அப்போது ஓர் எழுத்து இத்தாலியன் தெரியாது. கோயில் வாசலில் கொடுத்த படம், அதிலும் அமைதியான ஒரு பெண். கொண்டுவந்து மடு மாதாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். தேர்தல் முடியும் வரைக்கும் நாங்கள் அதற்கு மெழுகுதிரி கொளுத்தினோம்.

பிறகு நான் அவர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, சுவரில் இருந்த படத்தைப் பார்த்துத் திடுக்கிட்டுக் கதையைச் சொன்னபோது, அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அந்த முறை தோத்துப்போனன். மெழுகுதிரி காணாது போலை" என்றார்.

அடுத்த தேர்தலில் அவர் திரும்பவும் சபைக்குப் போனார். நாங்கள் மெழுகுதிரி கொளுத்தவில்லை. ஜெறோம் கொளுத்தினாரோ தெரியாது.

என் வாயால் சொன்னது

இனி முற்றத்துக்கு வருவோம்.

"எதுக்கு நன்றி?" என்று அவர் கேட்டதும், "மண்டபத்துக்கு நீங்கள் ஆதரவாப் போட்டதுக்கு" என்று காதுக்குள் சொன்னேன்.

அவருடைய முகம் மாறியது. மரியநாயகம் அண்ணை தாம்பாளத்திலிருந்து பொன்னாடையை எடுத்து விரித்துக்கொண்டிருந்தார். சிஞ்ஞோரா கையைத் தூக்கி அவரை நிற்கச் சொன்னார். பிறகு கழுத்து மாலையைக் கழற்றினார். கீழே வைக்கவில்லை, மேசையிலும் வைக்கவில்லை. முழங்கையில் தொங்கவிட்டுக்கொண்டார்.

மைக்கில் அவர் மெதுவாக, எனக்காக இடைவெளி விட்டு விட்டுப் பேசினார். முதல் வசனத்தைக் கேட்டதும் நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் காத்துக்கொண்டு நின்றார். எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

"உங்கட மண்டபத்துக்கு நான் எதிராப் போட்டனான்" என்று மைக்கில் சொன்னேன்.

என் குரலில், என் வாயால், ‘நான்’ என்று. எங்கள் சனம் என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, பிறகும் என்னைப் பார்த்தது. அந்த வசனத்தைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது. கொஞ்சம் மாற்றியிருந்தால் போதும். அவருக்குத் தமிழ் தெரியாது, அவர்களில் பலருக்கு அந்த அளவு இத்தாலியன் தெரியாது.

அவர் தொடர்ந்தார், நானும் தொடர்ந்தேன்.

"நான் சனிக்கிழமை சந்தை மேசையிலை சொல்லிப்போட்டன். உங்கட ஆக்கள் அங்கை வாறேல்லை. அதாலை இஞ்சை வந்தனான். உங்களுக்கு மண்டபம் வேணும், அது நியாயம். ஆனா அந்தப் பிரிவிலை ரெண்டு விசயம் ஒரே வசனத்திலை இருந்தது. கட்டடம் உங்களுக்கு. கீழை இருக்கிற கிளினிக் வெளியூருக்கு, பகேரியாவுக்கு. பல்லாரோவிலை இருக்கிற ஒரு வயித்துப்பிள்ளைக்காரி பகேரியாவுக்கு ரெயின் பிடிச்சுப் போகவேணும். ரெண்டையும் பிரிச்சுத் தாங்கோ எண்டு கேட்டன். தரேல்லை. அதாலை எதிராப் போட்டன். திரும்பக் கொண்டுவந்தாலும் எதிராத்தான் போடுவன்."

மரியநாயகம் அண்ணை பொன்னாடையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். பிறகு என்னைத்தான் கேட்டார்.

"தங்கச்சி, நீர் சரியாத்தான் சொன்னனீரோ?"

"ஓம் அண்ணை. பிழையாச் சொல்லத்தான் ஆசையா இருந்தது."

அவர் பொன்னாடையை மடித்தார். மடிப்பு நேராக வரவில்லை. பின்னால் ஒரு பெண் குரல், "கிளினிக் இருக்கட்டும்" என்றது. யாரென்று திரும்பிப் பார்த்தேன், எல்லாப் பெண்களும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அந்தக் கிளினிக்கை நன்றாகத் தெரியும். பெர்மெஸ்ஸோ இல்லாமல் வயிற்றில் பிள்ளையோடு நான் அலைந்த மாதங்களில், பேரைக்கூட இரண்டாம் முறை கேட்காமல் என்னைக் கட்டிலில் படுக்க வைத்தது அந்த இடம்தான். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்ல என் வாய் திறக்கவில்லை. மற்றவருடைய வசனத்தைச் சொல்லியே களைத்துப்போயிருந்தேன்.

சிஞ்ஞோரா மாலையை என்னிடம் தந்தார். "மாதாவுக்குப் போடும்" என்றார். பிளேன்ரி குடிக்காமல் போய்விட்டார்.

அழிக்க முடியாத பென்சில்

அதற்குப் பிறகு மழை விட்டும் தூவானம் விடவில்லை. எங்கள் ஆட்களில் இத்தாலியப் பாஸ்போர்ட் எடுத்தவர்கள் இப்போது கோயிலை நிரப்புவார்கள். சிஞ்ஞோராவுக்கு ஒரு வோட்டும் போகக்கூடாது என்று மரியநாயகம் அண்ணை வீடு வீடாகச் சொன்னார். எனக்கும் அது முதல் வோட்டு. குடியுரிமைச் சத்தியம் எடுத்து அதிக காலம் ஆகவில்லை.

"இஞ்சருங்கோ, அவ சொல்லாமல் விட்டிருந்தா ஆருக்குத் தெரியும்?" என்று நான் ஜெறோமிடம் கேட்டேன்.

"அதைத்தான் நானும் கேக்கிறன். சொல்லாமல் விட்டிருக்கலாமே. எங்களுக்கும் மனம் நொந்திராது, அவவும் வெண்டிருப்பா. இப்ப என்னெண்டு போடுறது? நீர் போடாதையும்."

நான் வேலைக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தேன். உள்ளே கோபமும் இருந்தது. அந்தச் சனிக்கிழமை நான் மேசைப் பக்கம் போகவில்லை, ஒரு வார்த்தை எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்ற கோபம். அவரோ வோட்டைப் பற்றி என்னிடம் மூச்சே விடவில்லை. மற்ற வேட்பாளர்களின் படங்கள் என் தபால் பெட்டியில் நிறைந்தன. அவருடைய படத்தை அவர் எனக்குத் தரவில்லை. அவருடைய வீட்டு ஹீற்றருக்கு மேல் மண்டரின் தோல் காய்ந்துகொண்டிருந்தது. நான் சட்டைகளை மினுக்கினேன், அவர் வாசித்துக்கொண்டிருந்தார். இதுதான் தன் கடைசித் தேர்தல் என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். சபைக்குள் இருந்தபடியே ஓய்வு பெற வேண்டும் என்பது அவருடைய ஆசை.

வோட்டுப் போட்டது சந்தைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். சோக்குத்தூளும் ஈரக் கோட்டும் சேர்ந்த மணம். போனை வாங்கி வைத்துவிட்டு, அழித்தாலும் அழியாத ஒரு பென்சிலைத் தந்தார்கள். மறைப்புக்குள் போனேன். இங்கே வேட்பாளரின் பெயரை நாங்களே எழுத வேண்டும். இந்த நாட்டில் அதற்கு முன் நான் என் பெயரை எத்தனையோ கடுதாசியில் எழுதியிருக்கிறேன், எல்லாம் ஏதாவது கேட்டு. முதல் முறையாக என்னிடம் ஒருவர் கேட்டு நின்றார், நான் கொடுக்கிற இடத்தில் இருந்தேன். எழுதினேன், மடித்தேன், போட்டேன்.

வாசலில் ஜெறோம் நின்றார்.

"ஆருக்குப் போட்டனீர்?"

"பசிக்குது, வாங்கோ போவம்" என்றேன்.

சிஞ்ஞோரா தோற்றார். மிகக் கொஞ்ச வாக்கில். எங்கள் ஆட்கள் போட்டிருந்தால் வந்திருப்பார் என்று மரியநாயகம் அண்ணையே சொன்னாராம். சந்தோசமாகச் சொல்லவில்லையாம்.

கடைசிச் சனிக்கிழமை

தோற்றவர் சனிக்கிழமை மேசைக்கு வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் காலையில் போனபோது அவர் சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். "வாரும் பிலோ, கோப்பி குடிப்பம்" என்றார்.

அதே மேசை, அதே ஆட்டம். கொஞ்சப் பேர் கூடினார்கள். மீன்காரன் எட்டத்தில் நின்றான்.

"இந்தக் கிழமை நான் சொல்ல ஒண்டும் இல்லை. வோட்டுப் போட்டது நீங்கள்" என்றார் சிஞ்ஞோரா.

அப்போதுதான் மரியநாயகம் அண்ணை வந்தார். கையில் ஒரு பை. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "தங்கச்சி, அண்டைக்குச் சொன்ன மாதிரி இண்டைக்கும் அப்பிடியே சொல்லும். ஒண்டும் கூட்டிக் குறைக்காதையும்."

நான் எழுந்து நின்றேன்.

"அம்மா, நான் உங்களுக்குப் போடேல்லை. வீட்டிலை மற்றாக்கள் என்ன செய்தவை எண்டு எனக்குத் தெரியாது, கேட்டாலும் சொல்லுகினமில்லை. நான் போடேல்லை. அதை உங்கட முகத்துக்கு நேரை சொல்லவேணும் எண்டு வந்தனான்."

சொன்னேன், அப்படியே. சிஞ்ஞோரா கையை நீட்டினார். "நன்றி. நீர் இஞ்சை வந்து சொன்னது எனக்குப் பெரிய விசயம்."

மரியநாயகம் அண்ணை அவர் கையைப் பிடித்தபடியே மற்றக் கையால் பையைத் திறந்தார். உள்ளே அந்தப் பொன்னாடை.

"அண்டைக்கு இதை ஒரு வோட்டுக்காகக் கொண்டந்தனான். பிறகு அலுமாரிக்குள்ளை கிடந்தது. பூட்டி வைக்க மனம் வரேல்லை. வேறை ஆருக்குப் போடுறது எண்டு இருந்து யோசிச்சுப் பாத்தன். ஒருத்தரும் ஞாபகத்துக்கு வரேல்லை."

இதை மொழிபெயர்க்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதியில் நின்றேன். சிஞ்ஞோராவுக்கு மிச்சம் தேவைப்படவில்லை. எழுந்து நின்றார். மரியநாயகம் அண்ணை குளிர்க் கோட்டுக்கு மேலேயே பொன்னாடையைப் போர்த்திவிட்டு, ஓர் அடி பின்னால் போய்க் கும்பிட்டார். சிஞ்ஞோராவும் கையைக் கூப்பினார், கொஞ்சம் கோணலாக. மீன்காரன் வந்து எட்டிப்பார்த்து, இது என்ன கலியாணமோ என்று கேட்டான். பிறகு உள்ளே போய், கடதாசியில் சுற்றி ஒரு மீன் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அந்த மீனின் கண் அவ்வளவு தெளிவு.

மண்டபம் இன்றுவரை எங்களுக்குக் கிடைக்கவில்லை. மரியநாயகம் அண்ணை இன்னும் கந்தோர் வாசல்களில்தான் நிற்கிறார், இப்போது சிஞ்ஞோராவும் கூடப் போகிறார். கிளினிக் திறந்திருக்கிறது.

அன்றைக்குச் சந்து வழியாக வீட்டுக்கு நடந்தோம். பொன்னாடையை அவர் கழற்றவில்லை. சனம் பார்த்தது, அவர் கவலைப்படவில்லை.

"சிஞ்ஞோரா, நான் வந்து..." என்று தொடங்கினேன்.

"வேண்டாம் பிலோ."

"நீங்கள் மட்டும் எல்லாத்தையும் சொல்லுறியள்."

அவர் நின்றார். "என்ரை வோட்டு என்ரை இல்லை, அது உங்கட. உங்களுக்காகப் போடுறது. அதாலை வந்து சொல்லத்தான் வேணும். உம்மட வோட்டு உம்மட. இந்த நாட்டிலை ஆரும் உம்மட்டைக் காட்டச் சொல்லிக் கேக்க ஏலாத ஒரே கடுதாசி அதுதான். என்னட்டையும் காட்டாதையும்."

குவெஸ்தூரா, கந்தோர், வீட்டுக்காரர் என்று எல்லோருக்கும் எல்லாக் கடுதாசியையும் காட்டியே என் பாதி ஆயுள் போயிருந்தது. அதை அவரைப் போல் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. நாங்கள் வழியில் மண்டரின் வாங்கிக்கொண்டு போனோம்.

ஜெறோம் இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பத்திரிகைத் தொடருக்கு இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன் என்று தெரிந்ததும், ஒரு நாளும் இல்லாத திருநாளாகத் தானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். ஆருக்குப் போட்டது எண்டு அதிலை எழுதியிருக்கிறீரோ என்றார். பத்திரிகை வந்ததும் வாசித்துப் பாருங்கோ என்றேன். இந்த வரி வரைக்கும் தேடிக்கொண்டு வந்திருப்பார்.

இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.